பழைய ஃபோர்டு மாடல் ஏ இன்ஜின் பார்ட்ஸ்: கண்டிஷன் பாத்து மதிப்பு போடுறது எப்படி?

பழையசாவி

எல்லாருக்கும் வணக்கம். பெரியப்பா போன வருஷம் தவறிட்டார், அவர் ஷெட்ட ஒழிக்கும்போது மூணு மரப்பெட்டி கெடச்சுது, உள்ள ஒரு ஃபோர்டு மாடல் ஏ இன்ஜின் முழுசா பிரிச்ச நெலமைல இருக்கு. பிளாக் (சிலிண்டர் எல்லாம் இருக்கிற பெரிய வார்ப்பு) ஒண்ணு, அத மேல மூடுற ஹெட் ரெண்டு, கிராங்க் (பிஸ்டன் சுத்தி விடுற தண்டு), கனெக்டிங் ராடு நாலு, பழைய பிஸ்டன் நாலு, கேம் ஷாஃப்ட், ஜெனித் கார்பரேட்டர் ஒண்ணு, அப்புறம் பெட்டியே பிரிக்காத டைமிங் கியர், ஒரு கேஸ்கெட் செட்டு. கார் கிடையாது, இன்ஜின் மட்டும்தான்.

ஒருத்தர் நேர்ல வந்து பாத்துட்டு பழைய இரும்பு எடைக்கு மேல கொஞ்சம் சேத்து தரேன்னு சொல்றார். இன்னொருத்தர் போட்டோவ மட்டும் பாத்துட்டு போன்லயே தொண்ணூறு வருஷத்துக்கு மேலான பொருள், தங்கம் மாதிரி, யாருக்கும் குடுத்துடாதீங்கங்கிறார். ரெண்டு பேச்சுக்கும் நடுவுல எனக்கு ஒண்ணுமே புரியல. பெரியப்பா உயிரா வச்சிருந்த பொருள், ஏமாந்து குடுத்துடவும் கூடாது, இன்னொருத்தர ஏமாத்தி விக்கவும் கூடாது. இப்போதைக்கு ஒயர் பிரஷ் போட்டு துருவ எல்லாம் தேய்ச்சு சில்வர் பெயிண்ட் அடிச்சு நல்லா போட்டோ எடுக்கலாம்னு இருக்கேன், சரிதானே?

லேத்துமணி

தம்பி மொதல்ல அந்த பிரஷ்ஷ கீழ வைங்க. பெயிண்ட் டப்பாவ தொறக்கவே வேணாம்.

பிளாக்கோட இடது பக்கம், தண்ணி உள்ள வர்ற பைப்பு உக்கார்ற எடத்துக்கு மேல ஒரு சின்ன மேடு இருக்கும், அதுலதான் இன்ஜின் நம்பர் பஞ்ச் பண்ணியிருப்பாங்க, ரெண்டு ஓரத்துலயும் நட்சத்திர குறி இருக்கும். அந்த எடத்துல ஒயர் பிரஷ், கிரைண்டர், உப்புத்தாள் எதுவும் படக்கூடாது. மண்ணெண்ணெய்ல துணிய நனைச்சு ஒரு ராத்திரி அது மேல போட்டு வைங்க, காலைல பல் தேய்க்கிற பழைய பிரஷ்ஷால மெதுவா தொடச்சா நம்பர் தெரியும். மாடல் ஏ-ல சேஸிஸ் ஃபிரேம்லயும் இதே நம்பர்தான் பஞ்ச் ஆயிருக்கும், இடது பக்க ஃபிரேம் மேல, பாடிக்கு அடியில. அந்த நம்பர் கார் எங்கயாவது இன்னும் ஓடிட்டு இருந்தா அந்த ஓனருக்கு உங்க பிளாக் மத்தவங்களுக்கு இருக்கிறத விட பல மடங்கு பெருசு. தேய்ச்சு அழிச்சிட்டீங்கன்னா அது வெறும் இரும்புதான்.

பெயிண்ட் அடிச்ச பிளாக்க பாத்தா வெவரம் தெரிஞ்சவன் சந்தேகப்படுவான். கிராக்க மறைக்கிறதுக்கு உலகத்துலயே சுலபமான வழி பெயிண்ட்தான். துருவோட, அழுக்கோட இருந்தா இருக்கிறது இருக்கிறபடி தெரியும்.

நாலுசிலிண்டர்

மணி அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. இன்னொண்ணு சேக்குறேன், பழசுங்கிறதுக்காக மட்டும் ஒரு பொருளுக்கு வெல வந்துடாது. மாடல் ஏ 1927 கடைசியில ஆரம்பிச்சு 1931 வரைக்கும் 48 லட்சத்துக்கும் மேல செஞ்சாங்க. அதனால உலகம் முழுக்க பார்ட்ஸ் கொட்டிக் கெடக்கு, நெறைய ஐட்டம் இன்னைக்கும் புதுசா செஞ்சு விக்கிறாங்க. புதுசா கெடைக்கிற பொருளுக்கு பழசுல பெருசா காசு வராது. ஆனா புதுசா செய்யுறது கஷ்டமான பொருள், அதாவது கிராக் இல்லாத பிளாக், இன்னும் கிரைண்ட் பண்ண எடம் இருக்கிற கிராங்க், அதுக்குதான் ஆளுங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. தங்கம்னு சொன்னவரும் தப்பு, எடைக்கு கேட்டவரும் தப்பு. எது சரின்னு கேஜ்தான் சொல்லணும்.

பழையசாவி

நன்றி அண்ணே, பிரஷ்ஷ வச்சிட்டேன். நேத்து ராத்திரி மண்ணெண்ணெய் துணி போட்டேன், காலைல நம்பர் சுத்தமா தெரியுது, ரெண்டு பக்கமும் நட்சத்திரம் இருக்கு. இனிமே எங்க இருந்து ஆரம்பிக்கணும்? எங்கிட்ட ஸ்பானர் செட்டு, ஒரு வெர்னியர் தவிர எதுவும் இல்ல.

லேத்துமணி

வெர்னியர் போதாது. போர் கேஜும் மைக்ரோமீட்டரும் வேணும், வாங்க வேணாம், இன்ஜின் ரீபோர் பண்ற பட்டறைல குடுத்தா அளந்து குடுப்பாங்க, பக்கத்துல நின்னு பேப்பர்ல எழுதிக்கோங்க.

பிளாக்க பொறுத்தவரைக்கும் மாடல் ஏ-வோட கம்பெனி போர், அதாவது சிலிண்டரோட உள் விட்டம், 3.875 இஞ்ச். ஒவ்வொரு சிலிண்டர்லயும் மூணு ஒயரத்துல அளங்க: மேல ரிங் தேய்ச்சு ஒரு விளிம்பு மாதிரி நின்னிருக்கும், அதுக்கு கொஞ்சம் கீழ ஒண்ணு, நடுவுல ஒண்ணு, ரிங்கே போகாத அடியில ஒண்ணு. ஒவ்வொரு ஒயரத்துலயும் ரெண்டு தெசை, கிராங்க் நீளத்துக்கு ஒண்ணு, அதுக்கு குறுக்க ஒண்ணு. பிஸ்டன் குறுக்காலதான் செவுத்த அழுத்தி தேய்க்கும், அதனால அந்தப் பக்கம் தேய்மானம் ஜாஸ்தியா இருக்கும். நாலு சிலிண்டருக்கும் சேத்து 24 அளவு வரும். ஒண்ணு விடாம எழுதுங்க. மேலயும் அடியிலயும் வித்தியாசம்தான் டேப்பர், ரெண்டு தெசைக்கும் வித்தியாசம்தான் ஓவல்.

அடியில இருக்கிற அளவுதான் ரொம்ப முக்கியம், அதுதான் போன தடவ எந்த சைசுக்கு போர் பண்ணாங்கன்னு காட்டிக் குடுக்கும். பிஸ்டன் தலையில கார்பன கட்டையால மெதுவா சுரண்டி பாருங்க, ஓவர்சைஸ் நம்பர் அங்கயும் பஞ்ச் ஆயிருக்கலாம். மாடல் ஏ-வுக்கு 0.125 ஓவர்சைஸ் வரைக்கும் பிஸ்டன் கெடைக்குது. ஆக உங்க பிளாக்குக்கு இன்னும் எத்தன ஆயுசு மிச்சம் இருக்குன்னு இந்த ஒரு அளவுலயே பாதி தெரிஞ்சிடும். நான் பிளாக்க பாக்கும்போது எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாக்கிறத விட எவ்வளவு இரும்பு பாக்கி இருக்குன்னுதான் பாப்பேன்.

வேணி_ஒர்க்‌ஷாப்

கிராக்க பத்தி யாரும் சொல்லல, அதனால நான் சொல்றேன். இது சைடு வால்வு இன்ஜின், வால்வு வந்து உக்கார்ற எடம், அதாவது சீட்டு, பிளாக்குலயே வெட்டியிருக்கும், போரும் சீட்டும் பக்கத்துல பக்கத்துல. சூட்டுல அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் கிராக் விடும், அதுலயும் எக்ஸாஸ்ட் பக்கம்தான் ஜாஸ்தி. அடுத்தது வெளிப்பக்கம் வாட்டர் ஜாக்கெட் (சிலிண்டர சுத்தி தண்ணி ஓடுற எடம்), குளிர் ஊர்ல தண்ணிய எறக்காம விட்டிருந்தா உள்ள ஐஸா ஒறைஞ்சு ஜாக்கெட் வெடிச்சிருக்கும், அத யாராவது பிரேஸிங் போட்டோ எப்பாக்ஸி தடவியோ மூடியிருப்பாங்க. மூணாவது ஹெட் ஸ்டட் ஓட்டைய சுத்தி.

வீட்லயே பாக்க பழைய காலத்து முறை ஒண்ணு இருக்கு. சந்தேகமான எடத்த நல்லா சுத்தம் பண்ணி மண்ணெண்ணெய் தடவி கொஞ்ச நேரம் ஊற விடுங்க, அப்புறம் ஈரம் இல்லாம தொடச்சிட்டு சாக்பீஸ் பொடிய தூவுங்க. கிராக் இருந்தா உள்ள போன எண்ணெய் வெளிய கசிஞ்சு பொடியில கோடு மாதிரி தெரியும். ஆனா இதுல ஒண்ணும் தெரியலன்னா கிராக் இல்லன்னு அர்த்தம் இல்ல. முடி அளவு கிராக்க புடிக்க மேக்னாஃப்ளக்ஸ்தான், இரும்ப காந்தமாக்கி நுண்ணுன இரும்புத் தூள் போட்டா கிராக் இருக்கிற எடத்துல தூள் போய் ஒட்டும். அலுமினியத்துக்கு இது வேல செய்யாது, அதுக்கு சாயம் ஊடுருவுற டெஸ்ட் இருக்கு. வாட்டர் ஜாக்கெட்டுக்கு எல்லா வழியையும் அடைச்சு பிரஷர் டெஸ்ட் பண்ணணும்.

இந்த டெஸ்டுக்கு ஆகுற செலவ நெனச்சு தயங்காதீங்க. டெஸ்ட் பண்ணாத பிளாக்க வாங்குறவர் கிராக் இருக்குன்னு நெனச்சுதான் வெல சொல்வார், நானும் அப்படித்தான் சொல்வேன்.

ஓல்டுவீல்ஸ்

கிராக் இருந்தா தூக்கி போட வேண்டியதுதான், அதுக்கு எதுக்கு இவ்வளவு டெஸ்டு?

வேணி_ஒர்க்‌ஷாப்

இல்லங்க, அப்படி ஒரேடியா சொல்லாதீங்க. கிராக் எங்க இருக்குங்கிறதுதான் கேள்வி. வாட்டர் ஜாக்கெட் வெளிச்செவுத்துல இருக்கிற கிராக்க வெல்டிங் இல்லாம பின்னு பின்னா ஓட்ட போட்டு ஒண்ணோட ஒண்ணு கோத்து தைக்கிற மாதிரி சரி பண்ணலாம், சூடு படாததால பிளாக் வளையாது, பல வருஷம் தாங்கும். சீட்டுக்கும் போருக்கும் நடுவுல இருக்கிறத சீட் இன்சர்ட்டும் (சீட்டுக்கு புது வளையம்) ஸ்லீவும் (போருக்குள்ள சொருகுற குழாய்) போட்டு நெறைய பேர் காப்பாத்தியிருக்காங்க. மெயின் பேரிங் உக்கார்ற வெப்புல, அதாவது கிராங்க தாங்குற செவுத்துல கிராக் இருந்தா நானும் உங்கள மாதிரிதான் சொல்வேன், வேணாம்னு விட்டுடுவேன்.

எனக்கே நடந்தது ஒண்ணு சொல்றேன். ஆறு வருஷம் முன்னாடி ஒருத்தர்கிட்ட புதுசா பெயிண்ட் அடிச்ச பிளாக் வாங்கினேன், போர் எல்லாம் அளந்து பாத்துதான் வாங்கினேன், அளவு அருமையா இருந்துச்சு. கொண்டு வந்து கெமிக்கல் தொட்டியில போட்டு எடுத்தா ரெண்டாவது சிலிண்டர் ஓரத்துல ஒரு சாண் நீளத்துக்கு எப்பாக்ஸி கரைஞ்சு வந்துருச்சு. கேட்டதுக்கு எனக்கே தெரியாதுன்னுட்டார். அந்த பணம் போனத விட அந்த பிளாக்குக்காக காத்திருந்த வண்டிக்காரர்கிட்ட இன்னும் எட்டு மாசம் ஆகும்னு சொன்னதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது, அவருக்கு வயசு எண்பது. அதனாலதான் பெயிண்ட்னு கேட்டதும் எனக்கு பதறுது.

பழையசாவி

அக்கா படிச்சதும் மனசு கஷ்டமா இருந்துச்சு. பெயிண்ட் அடிக்க மாட்டேன்.

இன்னைக்கு பட்டறைல போர் அளந்தோம். எல்லாம் இஞ்ச்ல, குறுக்கு தெசை அளவு மட்டும் இங்க போடுறேன். முதல் சிலிண்டர் மேல 3.943 அடியில 3.936, ரெண்டாவது 3.944 / 3.936, மூணாவது 3.945 / 3.936, நாலாவது 3.942 / 3.935. பிஸ்டன் தலையில சுரண்டினதுல 060ன்னு தெரியுது. நாலாவது சிலிண்டர்ல மேல் பக்கம் குழி குழியா துரு அரிச்சிருக்கு, நகத்த வச்சு தேய்ச்சா தட்டுது. இதுக்கு என்ன அர்த்தம்?

லேத்துமணி

நல்லா அளந்திருக்கீங்க. 3.875 கூட 0.060 கூட்டினா 3.935, பிஸ்டன் நம்பரும் அதே சொல்லுது, அடி அளவும் அதே சொல்லுது. ரெண்டும் ஒத்துப்போனதால பிஸ்டன் இந்த பிளாக்கோடதுதான்னு நம்பலாம். மேல 7 முதல் 9 தௌ வரைக்கும் தேஞ்சிருக்கு, தௌன்னா ஒரு இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு. வெறும் ரிங் மாத்தி ஓட்டுற கட்டத்த தாண்டிருச்சு, ரீபோர் கட்டாயம். அடுத்த சைஸ் 0.080, அதாவது 3.955. மூணாவது சிலிண்டர்தான் ஜாஸ்தி தேஞ்சது, 3.945, அதுகூட 3.955-க்கு போகும்போது சுத்தமா வந்துடும். அதுக்கப்புறமும் 0.100, 0.125னு ரெண்டு சைஸ் பாக்கி. ஆக மூணு சிலிண்டர் வரைக்கும் இது நல்ல பிளாக்.

நாலாவதுதான் யோசிக்கணும். குழியோட ஆழம் தெரியாம பேச முடியாது. ஊசி முனை போட்ட டயல் கேஜால ஆழமான குழிய அளக்க சொல்லுங்க. 3.942-ல இருந்து 3.955-க்கு போனா ஒரு பக்கத்துக்கு ஆறரை தௌதான் வெட்டுவாங்க. குழி அத விட ஆழம்னா வடு நின்னுரும், ரிங் அங்க காத்த விடும், ஆயில் குடிக்கும்.

நாலுசிலிண்டர்

ஏன் நாலாவது மட்டும் அரிச்சிருக்குன்னா, எந்த நெலமைல இன்ஜின் நின்னுதோ அப்ப அந்த சிலிண்டரோட வால்வு தொறந்து இருந்திருக்கும், ஈரக்காத்து உள்ள போயிருக்கும். நின்ன இன்ஜின்ல ஒண்ணு ரெண்டு சிலிண்டர் மட்டும் மோசமா இருக்கிறது ரொம்ப சகஜம். அதனாலதான் ஒரு சிலிண்டர பாத்து மத்ததுக்கு வெல பேசக்கூடாது.

பழையசாவி

குழி அளந்தாச்சு, ஆழமானது 8 தௌ.

லேத்துமணி

அப்ப 0.080 போதாது, ஒண்ணரை தௌ ஆழத்துக்கு வடு நிக்கும். ரெண்டு வழி. நாலையும் 0.100-க்கு போர் பண்றது, இல்லன்னா நாலாவதுக்கு மட்டும் ஸ்லீவ் போட்டு நாலையும் 0.080-ல நிறுத்துறது. நான் ரெண்டாவதுதான் சொல்வேன். ஒரு ஸ்லீவ் செலவுக்காக மத்த மூணு சிலிண்டர்ல ஒரு தலைமுறை ஆயுச வெட்டி தள்றது எனக்கு மனசு ஒப்பாது.

ஓல்டுவீல்ஸ்

மணி அண்ணே, ஸ்லீவ் போட்ட பிளாக்னா ஒரிஜினல் இல்லன்னு வெல கொறைப்பாங்களே?

லேத்துமணி

ஒழுங்கா போட்ட உலர் ஸ்லீவ யாரும் குறை சொல்ல மாட்டாங்க, ஓட்டுறவங்களுக்கு அது பிரச்சனையே இல்ல. மறைச்சு வித்தாதான் குறை. யார் எப்ப போட்டாங்க, எந்த அளவுன்னு பேப்பர்ல இருந்தா வெல அப்படியே நிக்கும்.

வேணி_ஒர்க்‌ஷாப்

சரி இப்ப கிராங்க். பழையசாவி தம்பி, கிராங்க ஒரு கயித்துல தொங்க விட்டு சின்ன சுத்தியலால ஓரத்துல லேசா தட்டுங்க. கோயில் மணி மாதிரி நீளமா ஒலி வந்தா மனசுக்கு தைரியம், பொத்துன்னு செத்த சத்தம் வந்தா கிராக் இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. மாடல் ஏ கிராங்க் ஃபோர்ஜிங், அதனால நல்லா ஒலிக்கும். இதுவும் மொத சோதனைதான், இதுக்கப்புறமும் மேக்னாஃப்ளக்ஸ் பண்ணியே ஆகணும், ஜர்னல் (பேரிங்குக்குள்ள சுத்துற உருண்ட பாகம்) முடிஞ்சு வளையுற மூலைல, அதுலயும் பின்னாடி மெயின் பேரிங் பக்கத்துல, கிராக் ஒளிஞ்சிருக்கும்.

ராடு ஜர்னல் கம்பெனி அளவு 1.499-லருந்து ஒரு தௌ வரைக்கும் கொறையலாம், மெயின் 1.624 பக்கம். அதுல இருந்து எவ்வளவு கொறைஞ்சிருக்கோ அவ்வளவு கிரைண்ட் பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம்.

அப்புறம் பேரிங். இதுல ஷெல் பேரிங் கிடையாது, ஒயிட் மெட்டல உருக்கி பிளாக்குலயும் கேப்புலயும் (பேரிங்க மூடிப் புடிக்கிற துண்டு) ராடுலயும் ஊத்தி போர் பண்ணியிருப்பாங்க. வெள்ளீயம்தான் பெரும்பங்கு, கூட ஆன்டிமனி, செம்பு. கொஞ்சம் ஆயில விரல்ல தொட்டு ஓரத்துல தடவிட்டு கட்டை விரலால மெட்டல நல்லா அழுத்துங்க. ஓரத்துல ஆயில் உள்ள போய் வெளிய வந்து குமிழ் விட்டா மெட்டல் அடியில ஒட்டல, பிரிஞ்சிருச்சு. மேல வழவழன்னு இருந்தாலும் அது போன பேரிங்தான்.

இன்னொரு விஷயம், கேப்புக்கும் பிளாக்குக்கும் நடுவுல பித்தளைத் தகடு, ஷிம் வச்சிருப்பாங்க. பேரிங் தேய தேய ஒவ்வொரு தகடா உரிச்சு எடுத்து டைட் பண்றதுக்கு. தகடு நெறைய பாக்கி இருந்தா பேரிங்குக்கு வயசு கம்மி. ஒண்ணுமே இல்லாம கேப்பு நேரா பிளாக் மேல உக்காந்திருந்தா, அதுலயும் கேப்ப யாராவது அரம் போட்டு ராவியிருந்தா, அந்த இன்ஜின கடைசி சொட்டு வரைக்கும் ஓட்டியிருக்காங்கன்னு புரிஞ்சுக்கலாம். எண்ணி சொல்லுங்க, ஆனா எந்த ஷிம் எந்தப் பக்கம் இருந்துச்சோ அதே எடத்துல திரும்ப வைங்க.

பழையசாவி

அக்கா, கிராங்க் ரொம்ப நேரம் ஒலிச்சுது, வீட்ல எல்லாரும் வெளிய வந்து பாத்தாங்க. ராடு ஜர்னல் நாலும் 1.478-க்கும் 1.479-க்கும் நடுவுல, மூணாவது மட்டும் ஒன்னரை தௌ ஓவல். மெயின் மூணும் 1.603.

ஷிம் எண்ணிப் பாக்க போனப்ப ஒரு விஷயம். ஒவ்வொரு கேப்புலயும் மெல்லிசு நூல் கட்டி ஒரு துண்டு அட்டை தொங்குது, பென்சில்ல பெரியப்பா கையெழுத்து, "முன், இடம் 4, வலம் 4" அந்த மாதிரி. அவரு எல்லாத்தையும் எழுதி வச்சிட்டுதான் போயிருக்காரு. இத்தன நாள் அத குப்பைன்னு நெனச்சு அவுத்து போட இருந்தேன். கட்டை விரல் டெஸ்ட்ல முன் மெயினும் நடு மெயினும் ஒண்ணும் விடல, பின் மெயின் கேப்புல ஓரமா குமிழ் விடுது.

வேணி_ஒர்க்‌ஷாப்

அந்த அட்டைய பத்திரமா வைங்க தம்பி. வேலைய பாதியில நிறுத்துற எத்தனையோ பேர் கேப்ப எல்லாம் ஒரே டப்பாவுல கொட்டிட்டு போயிடுவாங்க. மெயின் கேப்பு அந்த பிளாக்கோட சேத்து ஒரே நேர்கோட்டுல போர் பண்ணது, வேற பிளாக்குக்கு ஒத்து வராது. ராடு கேப்பும் அப்படித்தான், எது எதோடன்னு தெரியலன்னா திரும்ப சேக்குறதே பெரிய வேல. உங்க பெரியப்பா எழுதி வச்ச அந்த துண்டு அட்டைங்களால பார்ட்ஸ் இன்னைக்கும் ஒரு செட்டா நிக்குது.

கிராங்க் ஏற்கனவே 20 தௌ கிரைண்ட் ஆயிருக்கு. மூணாவது ஓவல எடுக்க 30-க்கு போகணும், அதுக்கு மேலயும் எடம் இருக்கு. கிராக் இல்லன்னா நல்ல கிராங்க். ஒயிட் மெட்டல் பின் மெயினுக்காக எப்படியும் புதுசா ஊத்தணும், கிராங்க் சைஸ் மாறினாலும் ஊத்தணும், அதனால பேரிங் நெலமைக்காக வெல ரொம்ப கொறைய வேண்டியதில்ல, வாங்குறவர் அந்த செலவ முன்கூட்டியே கணக்குல வச்சிருப்பார்.

பட்டறைப்பையன்

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கவும். எங்கிட்ட வேற 1920-கள் இன்ஜின் ஒண்ணோட மேக்னெட்டோ (காந்தத்த வச்சு ஸ்பார்க் உண்டாக்குற கருவி) இருக்கு, கையால சுத்தினா நல்லா ஸ்பார்க் வருது, நல்ல கண்டிஷன்னு சொல்லி விக்கலாமா?

நாலுசிலிண்டர்

தம்பி, குளிர்ந்த மேக்னெட்டோ ஸ்பார்க் குடுக்கிறத வச்சு முடிவு பண்ணாதீங்க. அந்தக் காலத்து ஆர்மெச்சர்ல, அதாவது உள்ள சுத்துற பாகத்துல, சுருளுக்கு ஷெல்லாக் (அரக்கு) தடவியிருப்பாங்க, சூடானா எளகி ஒழுகும், சில நேரம் ஆர்மெச்சரே உள்ள ஒட்டிக்கும். உள்ள இருக்கிற கண்டென்ஸரும் வயசாகி ஒழுக விடும். பத்து நிமிஷம் நல்லா ஓடிட்டு அப்புறம் மிஸ்ஸடிக்கிற கேஸ் எல்லாம் இதுதான். லேசா சூடு பண்ணி, சூட்டோட சுத்திப் பாத்துட்டு சொல்லுங்க. காந்தத்த கழட்டினா முனை ரெண்டையும் இரும்புத் தகடால சேத்து வைங்க, சும்மா போட்டா சக்தி எறங்கிடும்.

அதே மாதிரி பழைய துத்தநாக வார்ப்பு பாகம் இருந்தா, கார்பரேட்டர் பாடி, டிஸ்ட்ரிபியூட்டர் துண்டு இந்த மாதிரி, வெடிப்பு விட்டு உப்பியிருக்கான்னு பாருங்க. ஈயம் கலந்த அசுத்தமான துத்தநாகம் உள்ளுக்குள்ளயே அரிச்சு விரியும், அதுக்கு மருந்தே கிடையாது, விரிஞ்சா காட்சிக்குதான் ஆகும்.

பழையசாவி

அப்ப என் ஜெனித்தும் போச்சா?

நாலுசிலிண்டர்

இல்ல இல்ல, மாடல் ஏ ஜெனித் வார்ப்பிரும்பு, அந்த நோய் வராது. மேல் பாதியும் கீழ் பாதியும் ஒரே நீள போல்ட்டுல நிக்குதா, காதுங்க உடையாம இருக்கான்னு பாருங்க. பித்தளை ஃப்ளோட்ட வெந்நீர்ல முக்குங்க, குமிழ் வந்தா ஓட்டை. த்ராட்டில் கம்பிய ஆட்டிப் பாருங்க, ஆட்டம் இருந்தா காத்து இழுக்கும். சாதாரண வேலதான். கார்பரேட்டர் மட்டும் கொஞ்சம் சுலபமா போயிடும் பாருங்க.

ஓல்டுவீல்ஸ்

நான் எனக்கு தெரிஞ்சத சொல்றேன், அந்த பிரிக்காத டைமிங் கியரும் கேஸ்கெட்டும்தான் பெட்டியிலயே பெரிய காசு. பெட்டியோட இருக்கிற புதுசு பழசு எப்பவும் நல்ல வெல.

வேணி_ஒர்க்‌ஷாப்

பெட்டிக்காக சேகரிக்கிறவர் வாங்குவார், சரி. ஆனா ஓட்டுறதுக்குன்னு விக்காதீங்க. மாடல் ஏ டைமிங் கியர் ஃபைபர், பல வருஷம் சும்மா கெடந்தாலே காஞ்சு நொறுங்க ஆரம்பிக்கும், ஓடும்போது பல் உரிஞ்சா வண்டி நடுரோட்ல நிக்கும். ரப்பர், கார்க் எல்லாத்துக்கும் அதே கதை. அந்தக் கால கேஸ்கெட்ல செம்புக்கு நடுவுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், வெட்டுறது, உப்புத்தாள் போடுறது, காத்தடிச்சு ஊதுறது எதுவும் கூடாது, அந்தத் தூள் நுரையீரலுக்கு போனா பெரிய ஆபத்து. கவரோட மூடி வச்சு, உள்ள என்ன இருக்குன்னு வாங்குறவர்கிட்ட தெளிவா சொல்லிடுங்க.

பெட்டியும் போலியா வருது. புது கியர பழைய பெட்டில போட்டு விக்கிறவங்க இருக்காங்க, பார்ட் நம்பர், அச்சு, உள்ள தடவியிருக்கிற கிரீஸ் எல்லாம் சேந்து ஒரே வயசா தெரியணும்.

லேத்துமணி

போலின்னா இன்ஜின் நம்பர்லதான் ஜாஸ்தி. 1955-ல வந்த ஷெவர்லே ஸ்மால் பிளாக் வி8-ஐ எடுத்துக்கோங்க, வலது பக்க சிலிண்டர் வரிசைக்கு முன்னாடி டெக் (ஹெட் உக்கார்ற தளம்) மேல நம்பர் பேட் இருக்கும். டெக்க கம்பெனில இழுத்து வெட்டினப்போ விழுந்த நேர் கோடுங்க அந்த பேட்லயும் தெரியணும். மில்லிங் பண்ணி மழமழன்னு ஆக்கிட்டு புது நம்பர் குத்தியிருந்தா அந்த கோடு இருக்காது. அது மட்டும் இல்ல, வார்ப்பு தேதி ஒரு எழுத்தும் எண்ணும் வரும், ஏ-ன்னா ஜனவரி, எல்-னா டிசம்பர், அப்புறம் நாள், கடைசியில வருஷத்தோட கடைசி இலக்கம். சி 15 5-ன்னா மார்ச் 15, ஆனா 1955-ஆ 1965-ஆன்னு அது சொல்லாது, வார்ப்பு நம்பர பாத்துதான் முடிவு பண்ணணும். இன்ஜின் அசெம்பிள் பண்ண தேதிக்கு அப்புறம் வார்த்த பிளாக்குன்னா கதையே வேற.

மாடல் ஏ-லயும் ஏமாந்துடக்கூடாது. ரீப்ளேஸ்மென்ட் பிளாக் நம்பர் இல்லாமதான் வரும், டீலர் பழைய நம்பர குத்தி குடுத்திருப்பாங்க. அதனால நம்பர் கோணலா இருந்தாலே திருட்டுன்னு சொல்ல முடியாது, நட்சத்திரம் இருக்கா, எண்ணோட வடிவம் ஒண்ணா இருக்கான்னு பாத்து பேசணும். பழையசாவி தம்பி, உங்க பிளாக் விக்கும்போது நம்பர போட்டோவுல முழுசா போட வேணாம், நெசமா வாங்க வர்றவர்கிட்ட மட்டும் காட்டுங்க, அத வச்சு போலி பேப்பர் செய்யுற ஆளுங்க இருக்காங்க.

பழையசாவி

கடைசியா வெல எப்படி போடுறதுன்னு யாராவது சொல்லுங்களேன். அந்த எடைக்கு கேட்டவர் நாளைக்கு திரும்ப வரேன்னிருக்கார்.

நாலுசிலிண்டர்

நான் எப்பவும் இப்படித்தான் போடுவேன். இதே பொருள் முழுசா வேல முடிஞ்சு, அளவோட பேப்பரோட இருந்தா என்ன வெல போகுதுன்னு மொதல்ல ரெண்டு மூணு எடத்துல விசாரிக்கணும், கேட்ட வெலைய இல்ல, வித்த வெலைய. அதுல இருந்து உங்க பொருள அந்த நெலமைக்கு கொண்டுவர ஆகுற மொத்த வேலச் செலவ கழிக்கணும். மிச்சம் வர்றதுல, இன்னும் தெரியாத விஷயத்துக்காக ஒரு பங்கு கழியும், டெஸ்ட் பண்ணா அந்த பங்கு சின்னதா ஆயிடும். இதுல மைனஸ் வந்தா அது இரும்பு வெலதான், கோவப்பட்டு பிரயோஜனமில்ல. பிளஸ்ல வந்தா அதுக்கு கீழ யாருக்கும் குடுக்காதீங்க.

செட்டா விக்கிறதா பிரிச்சு விக்கிறதாங்கிறது இதுக்கு அப்புறம். பிரிச்சா மொத்தத்துல காசு கொஞ்சம் ஜாஸ்தி வரலாம், ஆனா மெயின் கேப்ப பிளாக்ல இருந்து, ராடு கேப்ப ராடுல இருந்து எப்பவும் பிரிக்காதீங்க.

பழையசாவி

மேக்னாஃப்ளக்ஸ் முடிஞ்சுது. கிராங்க்ல ஒண்ணும் இல்ல, பின் மெயின் மூலையும் சுத்தம். பிளாக்ல ரெண்டாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் சீட்டுக்கும் போருக்கும் நடுவுல சின்ன கிராக் ஒண்ணு தெரிஞ்சுது. பிரஷர் டெஸ்ட்ல ஜாக்கெட் காத்து விடல. ரெண்டு ஹெட்ல ஒண்ணு தண்ணி ஓட்டைய சுத்தி அரிச்சு போயிருக்கு, இன்னொண்ணுக்கு ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வச்சா குறுக்க 2 தௌதான் வளைவு.

எடைக்கு கேட்டவர் வந்தார், 24 அளவு எழுதின பேப்பர காட்டினேன், ரொம்ப நேரம் படிச்சார், ஒண்ணும் பேசாம அவர் நம்பர மட்டும் குடுத்துட்டு போயிட்டார். எனக்கு இப்ப விக்கவே மனசு வரல. கிராக்குக்கும் ஸ்லீவுக்கும் செலவு பண்ணி பிளாக்க சரி பண்ணலாமான்னு யோசிக்கிறேன், கார் இல்லாதவன் இதுல இறங்கலாமா?

வேணி_ஒர்க்‌ஷாப்

தம்பி, ரெண்டாவதுல சீட் இன்சர்ட் போடலாம், ஆனா கிராக் போருக்குள்ள இறங்கியிருந்தா அதுக்கும் ஒரு ஸ்லீவ் தேவைப்படும், அப்ப ரெண்டு ஸ்லீவ். சீட் இன்சர்ட்டுக்கு கிராக்க தாண்டி இரும்பு இருக்கான்னு பட்டறைல கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் அவசரம் ஒண்ணும் இல்ல, ஒழுங்கா வச்சா இந்த இன்ஜின் இன்னும் இருபது வருஷம் கெடக்கும்.

கிராங்க் ஜர்னல்லயும் போருலயும் கெட்டியா கிரீஸ் தடவி, எண்ணெய் காகிதம் சுத்தி வைங்க. பிளாஸ்டிக் கவர் போட்டு இறுக்கி கட்டாதீங்க, உள்ள வேர்த்துரும். கேப்பு எல்லாத்தையும் அந்தந்த எடத்துல வச்சு போல்ட்ட கையால முடுக்குங்க போதும், பெரியப்பா அட்டைய நூலோட அப்படியே கட்டி விட்டுடுங்க.

பழையசாவி

சரிக்கா. கிரீஸ் வாங்க இப்பவே கெளம்புறேன். சீட்டு பத்தி பட்டறைல கேட்டுட்டு வந்து எழுதுறேன்.